கல்வாழைப் பாத்தி

காலை எட்டு மணிக்கு வாசலில் வண்டி வந்து நிற்கும் சத்தம் மருமகளுக்குக் கேட்டது. அடுப்பில் பால் பொங்கி வந்துகொண்டிருந்தது. அதை இறக்கி வைத்தாள். ஈரக் கையைத் துடைத்தாள். அதற்கு மேல் செய்ய ஒரு வேலையும் இல்லாமல் சமையலறையிலேயே நின்றாள். வாசலுக்கு மட்டும் போகவில்லை.

தங்கை வீட்டில் நான்கு நாள் தங்கிவிட்டு மாமியார் திரும்பி வந்திருந்தார்.

கேட் திறந்தது. பையைத் தரையில் வைக்கும் சத்தம். பிறகு ஒன்றுமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. மாமியார் முப்பத்திரண்டு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிறது. குரல் இன்னும் ஓய்வு பெறவில்லை. அந்தக் குரலே அடங்கிப்போய் நிற்கிறது என்றால்...

"டேய்! இங்க வாடா!"

கூப்பிட்டது மகனை. அவன் லிஃப்ட் மெக்கானிக். வேலைக்குக் கிளம்புவதற்காக ஒரு காலில் ஷூ மாட்டியிருந்தவன், இன்னொரு காலில் ஷூ இல்லாமலேயே வாசலுக்கு ஓடினான். மருமகளும் பின்னால் போனாள்.

காம்பவுண்டுச் சுவரை ஒட்டி, கேட்டிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரை இருபதடி நீளத்துக்கு ஒரு பாத்தி. போன வாரம் வரை அதில் ஆளுயரத்துக்குக் கல்வாழை நின்றது. அகன்ற இலையும் உச்சியில் சிவப்புச் சிவப்பாகப் பூவுமாக, ஒரு தண்டு ஓய்ந்தால் அடுத்த தண்டு என்று விடாமல் பூத்த பாத்தி அது. இப்போது அங்கே வெறும் மண். கொத்திக் கிளறி, சல்லடையில் சலித்தது போன்ற மண்.

"எங்கடா... எங்கடா உங்க அப்பா வச்ச செடி?"

மகன் தன் மனைவியைப் பார்த்தான்.

"நான்தான் தோண்டி எடுத்தேன் அத்தை," என்றாள் மருமகள். "செடியில நோய் விழுந்திடுச்சு. விட்டு வைக்கக் கூடாதுன்னு..."

"நோயா? முப்பது வருஷமா வராத நோய், நான் நாலு நாள் வெளிய போனதும் வந்திடுச்சா?"

"இலையெல்லாம் மஞ்சக் கோடு விழுந்துச்சே... நீங்களும் பார்த்தீங்களே..."

"எனக்கும்தான் முடி நரைச்சிருக்கு! என்னையும் தோண்டிப் போட்டுடுவியா?"

மகன் நடுவில் புகுந்தான். "அம்மா, உள்ள வாங்கம்மா. தெருவுல எல்லாரும் பார்க்கறாங்க..."

"பார்க்கட்டும்! எல்லாத்தையும் தோண்டி எங்க போட்ட? அதைச் சொல்லு!"

"மூட்டை கட்டி... குப்பை லாரியில..."

"குப்பை லாரியிலயா!"

மாமியார் பாத்தி ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். முட்டி வலிக்காரர், தரையில் உட்கார்ந்து பல வருடம் ஆகியிருந்தது. "ஆபீஸ் காம்பவுண்டுல கிடந்த ஒரே ஒரு கிழங்கு. அதைப் பேப்பர்ல சுத்திக் கொண்டு வந்தாரு மனுஷன். இந்த வீட்டுக்குக் கதவு வைக்கறதுக்கு முன்னாடி வச்ச செடி இது..." என்று மண்ணைப் பார்த்தே சொல்லிக்கொண்டிருந்தவர், சட்டென்று நிமிர்ந்தார். "அப்ப... சிட்டு வச்ச செடி?"

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அதையுமா!" மாமியாரின் குரல் உடைந்தது. "இப்பப் புரியுது! இப்ப நல்லாப் புரியுது! அஞ்சு வருஷம் கழிச்சு என் பொண்ணு இந்த வீட்டுப் படி ஏறினா. அவ கையால ஒரு செடி வச்சா. அது உனக்குப் பொறுக்கல!"

"ஐயோ, அப்படியெல்லாம் இல்ல அத்தை..."

"அப்பச் சொல்லு! எங்கேருந்து வந்துச்சு அந்த நோய்? வாயைத் திறந்து சொல்லு!"

பதில் மருமகளுக்குத் தெரியும். கீழே கிடந்த பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

சிட்டு அந்த வீட்டின் கடைசிப் பெண். ஐந்து வருடத்துக்கு முன் தனக்குப் பிடித்த ஒரு பஸ் டிரைவரைக் கல்யாணம் செய்துகொண்டு போனாள். அடுத்த வருடமே மாமனார் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். செய்தியை யார் மூலமோ கேள்விப்பட்டு ஓடி வந்த சிட்டுவை மாமியார் கேட்டிலேயே நிறுத்தினார். "அப்பாவைக் கொன்னுட்டியே... பார்க்க வேற வந்தியா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியோடு சிட்டு திரும்பிப் போனாள். நான்கு வருடம் வரவில்லை.

அவளைத் திரும்பக் கொண்டுவந்து சேர்த்தவள் மருமகள்தான். அந்தச் சாவுக்குப் பிறகு மாதம் ஒரு முறையாவது சிட்டுவுக்கு ஃபோன் செய்வாள். மாமியாருக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோது, "வந்து சும்மா பக்கத்துல உட்காரு. ஒண்ணும் பேச வேண்டாம்," என்று வரவழைத்தாள். கட்டுப் போட்ட கண்ணோடு படுத்திருந்த மாமியார், கையைப் பிடித்த விரலைத் தடவிப் பார்த்து, "சிட்டுவா?" என்று கேட்டார். அப்புறம் இரண்டு பேரும் அழுத அழுகையில் நர்ஸ் வந்து கட்டு நனைகிறது என்று சத்தம் போட வேண்டியதாகிவிட்டது.

அடுத்த வாரம் சிட்டு அம்மா வீட்டுக்கு வந்தாள். வெறுங்கையோடு வர மனமில்லாமல் ஒரு கல்வாழைச் செடி வாங்கி வந்தாள். பச்சை இலையில் மஞ்சள் மஞ்சளாகக் கோடு. "புது ரகமாம்மா! இலையே பூ மாதிரி இருக்கும்னு நர்சரிக்காரர் சொன்னாரு." மாமியாருக்குத் தலைகால் புரியவில்லை. "அப்பா பாத்திலேயே வைடி, நடுவுல வை," என்று தானே நின்று குழி தோண்ட வைத்தார்.

மூன்று மாதத்தில் அந்த மஞ்சள் கோடு பக்கத்துச் செடிக்கு வந்தது. அப்புறம் அதற்குப் பக்கத்துச் செடிக்கு. இலை ஓரம் கருகியது, பூ கோணிக்கொண்டு வந்தது. மருமகள் ஓர் இலையைப் பிளாஸ்டிக் பையில் போட்டு வேளாண்மை அலுவலகத்துக்கு எடுத்துப் போனாள். அங்கே செடி நோய் பார்க்கும் பெண் அதிகாரி இலையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"இது கோடு போட்ட ரகம் இல்லம்மா, வைரஸ். மருந்து கிடையாது. அத்தனையையும் எடுத்துடணும். விரல் அளவு கிழங்கு மண்ணுல மிஞ்சினாலும் முளைக்கும், முளைச்சா நோயோடதான் முளைக்கும். ஆமா, பூத்து முடிஞ்ச தண்டை எதால வெட்டறீங்க?"

"கத்தியாலதான்."

"ஒரே கத்தியா? ஒரு செடிக்கும் அடுத்த செடிக்கும் நடுவுல அதைக் கழுவறது உண்டா?"

மருமகளுக்கு முகம் வெளுத்துவிட்டது. கல்வாழையில் ஒரு தண்டு பூத்து முடிந்தால் அதைத் தரையோடு வெட்டிவிட வேண்டும். அப்போதுதான் புதுத் தண்டு வேகமாக வரும். மாமனார் அவளுக்குச் சொல்லிக் கொடுத்த வேலை அது. பத்து வருடமாக அதே கத்தியால் பாத்தியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை வெட்டிக்கொண்டே போவது அவள் வழக்கம்.

செடி வந்த பையில் நர்சரியின் பெயர் இருந்தது. வீட்டுக்கு வரும் வழியில் அங்கேயும் போய், மிச்சமிருக்கும் செடிகளை விற்காதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தாள். பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தாள். மாமியாரிடம் நோய் என்று சொல்லலாம். எங்கிருந்து வந்தது என்று கட்டாயம் கேட்பார். புதிதாக வந்த செடி ஒன்றே ஒன்றுதான். கணக்குப் போட அவருக்கு அரை நிமிடம் ஆகாது. போட்டதும் என்ன சொல்வார் என்பது மருமகளுக்கு எழுதிக் காட்டியது போலத் தெரிந்தது. 'அப்பாவையும் கொன்னே, அப்பா வச்ச செடியையும் கொன்னுட்டியேடி!' அந்தப் பேச்சைக் கேட்டால் சிட்டு இன்னொரு தடவை திரும்பி வர மாட்டாள்.

கணவனிடமும் அவள் முழுதாகச் சொல்லவில்லை. அவன் நல்லவன், ஆனால் அம்மா ஒரு முறை முறைத்தால் வயிற்றில் இருப்பதெல்லாம் வாய்க்கு வந்துவிடும். மாமியார் ஊருக்குப் போகட்டும் என்று காத்திருந்து, இரண்டே நாளில், கடப்பாரையும் கையுமாகத் தனியாளாகவே தோண்டினாள். அவர் இல்லாத நேரம் பார்த்துச் செய்தாளே, அதுவே பிறகு அவளுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

மாமியார் அவளிடம் பேசுவதை நிறுத்தினார். டீ வைத்தால் ஆறிக் கிடக்கும். "அவகிட்ட சொல்லுடா" என்று மகன் மூலமாகத்தான் எல்லாம். சிட்டுவுக்கும் விஷயம் போயிற்று. "நான் வச்ச செடி உங்களை என்ன அண்ணி பண்ணுச்சு?" என்று ஃபோனில் ஒரே ஒரு தடவை கேட்டாள். அதற்குப் பிறகு அண்ணி கூப்பிட்டால் எடுப்பதில்லை.

மூன்றாவது வாரம் பாத்தியில் ஒரு முளை வந்தது.

முதலில் பார்த்தவர் மாமியார்தான். சுருட்டிய காகிதம் போலக் கூராக ஒரு முளை, தொட்டி ஓரத்தில். குழந்தை பிறந்த வீடு மாதிரி ஆகிவிட்டது அவருக்கு. நான்கு குச்சி நட்டு, நூல் கட்டி, குவளையில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினார். "போகல பார்த்தியாடா! உங்க அப்பா செடி போகல!" என்று மகனைக் கூப்பிட்டுக் காட்டினார்.

நான்காம் நாள் சுருள் விரிந்தது. மருமகள் குனிந்து பார்த்தாள். நரம்பை ஒட்டி மஞ்சள் கோடு. பிறகு நூலை அவிழ்த்தாள், குச்சிகளைப் பிடுங்கினாள், முளையைக் கிழங்குத் துண்டோடு தோண்டி எடுத்தாள்.

நிமிர்ந்தபோது ஜன்னலில் மாமியார் நின்றுகொண்டிருந்தார்.

அன்று அவர் கத்தவில்லை. மகன் வேலை முடிந்து வந்ததும், "அவ இருக்கற வீட்ல நான் இருக்க மாட்டேன்டா. தங்கச்சி வீட்டுக்குக் கொண்டு போய் விட்டுடு," என்றார். அவ்வளவுதான்.

"ஒரு முளை! ஒத்தை முளை!" கணவன் அறைக்குள் வந்து தலையில் அடித்துக்கொண்டான். "அதை விட்டுத் தொலைச்சா என்ன உனக்கு?"

"விட்டா இனி அங்க வைக்கற எல்லாத்துக்கும் வரும்ங்க."

"வரட்டுமே! செடிதானே!"

"செடிதான். மனுஷங்களை விடச் செடி பெரிசில்லன்னுதான் நானும் சொல்றேன்."

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. மருமகள் வெளியே வந்து மாமியார் முன்னால் நின்றாள். "நீங்க எதுக்கு அத்தை போகணும்? இது உங்க வீடு. நாங்க போறோம்."

மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். போகாதே என்று சொல்லவில்லை.

சைக்கிள் கடைக்கு மேலே ஓர் அறை கிடைத்தது. இருபத்தாறு படி. "ஊர்ல இருக்கற லிஃப்டையெல்லாம் நான் சரி பண்றேன். எனக்கு வாய்ச்ச மாடியைப் பாரு," என்று கணவன் முதல் நாளே சாமானோடு மூச்சு வாங்கினான். அந்த ஒரு பேச்சுக்குப் பிறகு இரண்டு வாரம் அவளோடு சரியாகப் பேசவில்லை. அம்மாவைத் தனியாக விட்டுவிட்டு வந்த கோபம் அவனுக்கு. கீழே நாள் முழுக்கச் சைக்கிள் ரிம்மைத் தட்டும் சத்தம். மேலே அவள் சமைத்தாள், துவைத்தாள், காத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் அவன் அம்மாவைப் பார்க்கப் போவான். கிளம்பும்போது அவள் ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.

"பாத்தியில முளை ஏதாவது வந்திருந்தா எடுத்துடுங்க. ஏன்னு கேக்காதீங்க."

முதல் இரண்டு ஞாயிறு காதில் வாங்காதவன் போலப் போய்விட்டான். மூன்றாவது ஞாயிறு திரும்பி வந்ததும் சட்டைப் பையிலிருந்து கசங்கிய ஒரு முளையை எடுத்து அவள் முன்னால் வைத்தான்.

"இந்தா. அம்மா குளிக்கப் போன நேரமாப் பார்த்து எடுத்தேன். சொந்த வீட்லயே திருடன் மாதிரி இருக்கு எனக்கு."

"ஏன்னு கேக்கவே இல்லியே நீங்க..."

"கேட்டா சொல்லுவியா?"

"மாட்டேன்."

"அப்புறம் எதுக்குக் கேக்கணும்? பதினோரு வருஷமா பார்க்கறேன் உன்னை. ஒரு காரணமும் இல்லாம நீ ஒரு புல்லைக்கூடப் பிடுங்க மாட்ட."

இத்தனை நாளும் கண்ணில் ஒரு சொட்டு வராமல் இருந்தவள், அன்று முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவன் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டு வந்தான்.

அப்படியே ஐந்து மாதம் ஓடிவிட்டது.

ஒரு வியாழக்கிழமை காலை. கணவன் வேலைக்குப் போயிருந்தான். மாடிப் படியில் யாரோ ஏறும் சத்தம். இரண்டு படி, நிறுத்தம். இரண்டு படி, நிறுத்தம். யாருக்கு இவ்வளவு மூச்சு வாங்குகிறது என்று மருமகள் கதவைத் திறந்தாள். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மாமியார் கடைசிப் படியில் நின்றுகொண்டிருந்தார். பின்னால் அழுது வீங்கிய முகத்தோடு சிட்டு.

"அத்தை! இந்த முட்டியோட எதுக்கு..." மருமகள் ஓடிப்போய்க் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்து, இருந்த ஒரே நாற்காலியில் உட்கார வைத்தாள்.

சிட்டு நிற்க முடியாதவள் போலத் தரையில் உட்கார்ந்தாள். "அண்ணி... நான் எங்க வீட்லயும் ரெண்டு கல்வாழை வச்சிருந்தேன். அம்மாவுக்கு வாங்கின அன்னிக்கே அதே நர்சரியில வாங்கினதுதான். எல்லாம் கருகிப் போச்சு. நேத்து சண்டை போடலாம்னு போனேன். 'ஆறேழு மாசம் முன்னாடியே ஒரு அம்மா இலையைக் கொண்டு வந்து காட்டி, இது நோய், விற்காதீங்கன்னு சொல்லிட்டுப் போனாங்க, மிச்சத்தையெல்லாம் அன்னிக்கே அழிச்சுட்டேன்'னு சொன்னாரு. யாருக்கு வித்தேன்னு கண்டுபிடிச்சுச் சொல்லட்டுமான்னு அவர் கேட்டாராம். நீங்க என்ன சொன்னீங்க அண்ணி? 'எங்க வீட்டுப் பொண்ணுதான் வாங்கிட்டு வந்தா. அவளுக்குத் தெரிய வேண்டாம்'னு சொன்னீங்களா... சொன்னீங்களா இல்லையா?"

மருமகள் குனிந்து அவள் தோளைப் பிடித்துத் தூக்கப் பார்த்தாள்.

"நேரா அம்மாகிட்ட போனேன். எல்லாத்தையும் சொன்னேன். அம்மா ஒரு வார்த்தை பேசல. காலைல எழுந்ததும் செருப்பை மாட்டிக்கிட்டு, 'வண்டி கூப்பிடு'ன்னாங்க."

மாமியாருக்கு மூச்சு இப்போதுதான் அடங்கியிருந்தது. "ஏன் சொல்லல?" என்று கேட்டார். "நான் அவ்வளவு கேட்டேனே... வாசல்ல நிறுத்தி வச்சுக் கேட்டேனே... ஏன் வாயைத் திறக்கல நீ?"

"சொல்லியிருந்தா நீங்க என்ன சொல்லியிருப்பீங்கன்னு உங்களுக்கே தெரியும் அத்தை."

"தெரியும்," என்றார் மாமியார். "சொல்லியிருப்பேன். அதையேதான் சொல்லியிருப்பேன்."

"சொல்லுங்கம்மா! இப்பவாவது சொல்லுங்க!" சிட்டு வெடித்தாள். "அப்பாவையும் நான்தான் கொன்னேன்... அப்பா வச்சதையும் நான்தான்..."

"வாயை மூடுடி!"

கீழே ரிம் தட்டும் சத்தம்கூட நின்றுவிட்டது. மாமியார் முந்திய குரலுக்குச் சம்பந்தமே இல்லாத குரலில் மெதுவாகப் பேச ஆரம்பித்தார்.

"உங்க அப்பா உன்னால சாகல. ரொம்ப நாளாவே நெஞ்சு வலி இருந்துச்சு, மறைச்சுட்டாரு. ஆஸ்பத்திரியில மூணு நாள் கிடந்தாரு. மூணு நாளும் நான் தனியா இருக்கறப்பல்லாம் உன்னைத்தான் கேட்டாரு. 'சிட்டுவைக் கூப்பிடு, ஒரு தடவை பேசிட்டுப் போறேன்'னாரு. உன் நம்பர் என் கையிலயே இருந்துச்சு. நான் கூப்பிடல. வீம்பு... முப்பத்திரண்டு வருஷம் யார் யாருக்கோ லைன் போட்டுக் குடுத்தேன். என் வீட்டுக்காரர் கேட்ட அந்த ஒரு லைனைப் போடல. அந்தப் பழியைத் தாங்க முடியாமத்தான் கேட்ல நிறுத்தி உன் தலையில போட்டேன்."

சிட்டு அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபப்பட வேண்டுமா அழ வேண்டுமா என்று அவளுக்கே தெரியவில்லை. "கேட்டாரா... அப்பா என்னைக் கேட்டாரா?" என்று திரும்பத் திரும்ப அதையே கேட்டாள். பிறகு அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மாமியாரின் கை அவள் தலையைத் தடவியது. கண் மருமகளைத் தேடியது.

"நான் ஒண்ணும் பெரிய தியாகம் பண்ணல அத்தை," என்றாள் மருமகள். "செடியைக் கொண்டு வந்தது அவ. ஆனா கத்தியை ஒரு செடியிலேருந்து இன்னொரு செடிக்குக் கொண்டு போனது நான். கழுவணும்னு எனக்குத் தெரியல. என் கையிலயும் தப்பு இருக்கு. அதான் நீங்க திட்டினப்போ வாங்கிக்க முடிஞ்சுது. ஆனா..." அவள் மாமியாரை நிமிர்ந்து பார்த்தாள். "எனக்குப் பொறாமைன்னீங்களே... சிட்டு மேல எனக்குப் பொறாமைன்னீங்களே... அதைத்தான் தாங்க முடியல."

மாமியார் எழுந்திருக்கப் பார்த்தார். முட்டி இடம் கொடுக்கவில்லை. "கிட்ட வாம்மா," என்றார். மருமகள் போனாள். அவள் இரண்டு கையையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "கிளம்பு. வீட்டுக்குப் போகலாம்."

"வரேன் அத்தை. ஆனா இன்னிக்கு இல்ல."

"ஏன்?"

"அழுது முடிச்சாச்சு, எல்லாம் சரியாப் போச்சுன்னு உடனே எழுந்து வர எனக்கு மனசு வரல. அஞ்சு மாசம் ஆயிடுச்சு. ஞாயித்துக்கிழமை வரைக்கும் நேரம் குடுங்க."

இதுவரை அந்த வீட்டில் அவள் எதையும் வேண்டும் என்று கேட்டதில்லை. மாமியார் அவளை ஏற இறங்கப் பார்த்தார். சிட்டு மடியிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"நியாயம்தான்," என்றார் மாமியார். "அப்ப நானும் ஞாயித்துக்கிழமை வரைக்கும் இங்கதான் இருக்கப் போறேன்."

"இங்கயா?"

"இருபத்தாறு படி ஏறி வந்திருக்கேன். இன்னொரு தடவை என்னால ஆகாது. இறங்கினா உன்னோடதான் இறங்குவேன்."

சொன்னபடியே செய்தார். வேலை முடிந்து வந்த மகன் நாற்காலியில் அம்மாவைக் கண்டதும், வழி தவறி வேறு வீட்டுக்கு வந்துவிட்டோமோ என்று வாசலைத் திரும்பிப் பார்த்தான். மூன்று நாளும் மாமியார் அங்கேயே சாப்பிட்டார், அங்கேயே தூங்கினார். சைக்கிள் கடைச் சத்தத்தைத் திட்டினார். வைரஸ் என்றால் என்ன, கத்தியை எதில் கழுவ வேண்டும் என்று விடாமல் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

"அந்தப் பாத்தியில இனிமே என்ன வைக்கலாம்?"

"ஒரு வருஷமாவது சும்மா கிடக்கணும் அத்தை. அப்புறம் நோயில்லாத கிழங்கா வாங்கி வைக்கலாம்."

"அவர் வச்சது?"

"அது போயிடுச்சு அத்தை."

மாமியார் கொஞ்ச நேரம் அழுதார். இந்தத் தடவை யாரையும் குற்றம் சொல்லாமல் அழுதார். மருமகள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அவளுக்கும் அழுகை வந்தது. மாமனார் கூட நின்று வெட்டக் கற்றுக் கொடுத்த செடியல்லவா.

ஞாயிற்றுக்கிழமை மகன் சாமானைத் தூக்கிக்கொண்டு முன்னால் இறங்கினான். கீழே சிட்டுவும் அவள் கணவனும் வண்டியோடு காத்திருந்தார்கள். மாமியார் ஒரு கையால் சுவரையும் ஒரு கையால் மருமகளையும் பிடித்துக்கொண்டு இறங்கினார். பாதிப் படியில் நின்றுவிட்டார்.

"முட்டி வலிக்குதா அத்தை?"

"இல்ல. உட்காரு."

இருவரும் படியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். மாமியார் அவளை இழுத்துத் தோளோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். "நான் பேசினது தப்பு," என்றார். "இந்த வயசுல எப்படிக் கேக்கறதுன்னு தெரியல. மன்னிச்சுடும்மா."

மருமகள் தலையை அவர் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

கீழேயிருந்து மகன் குரல் கொடுத்தான். "என்னம்மா, வண்டி நிக்குது!"

"நிக்கட்டும்டா," என்றார் மாமியார்.